உடையாத கண்ணாடியும் வெளுக்காத சேலையும்: சங்கரன்கோவில் ஜவுளித் தொழில் பெருமக்களுக்கு ஒரு திறந்த மடல்

சங்கரன்கோவில் வட்டாரத்து விசைத்தறிக்கூட உரிமையாளர்கள், ஜவுளிக்கடை உரிமையாளர்கள், அவர்களுக்குச் சன்னலும் கதவும் அமைத்துத் தரும் அலுமினியச் சட்டப் பணியாளர்கள் ஆகியோரின் பார்வைக்கு.

தறிக்கூடத்துக்கோ கடைமுகப்புக்கோ கண்ணாடி வாங்கும்போது பெரும்பாலும் கேட்கப்படும் கேள்வி, அது எளிதில் உடையுமா என்பதே. அந்தக் கண்ணாடி வெயிலின் எந்தக் கூறை உள்ளே விடும், எதைத் தடுக்கும் என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. அப்படியே எழுந்தாலும், விலை கூடிய கண்ணாடி இரண்டையும் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் அடங்கிவிடுகிறது. இந்த நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. உடையாமை வேறு, புற ஊதாக் கதிரைத் தடுப்பது வேறு. ஒன்று இருக்கும் பொருளில் மற்றது இருந்தே தீரும் என்ற விதி ஏதும் கிடையாது. கண்ணாடிக் கடையில் கிடைக்கும் பொருள்களை இந்த இரு கோணங்களிலும் நிறுத்திப் பார்த்து, சாயமேற்றிய பருத்தித் துணியை நம்பிப் பிழைக்கும் ஓர் ஊருக்கு எது பொருந்தும் என்று ஆராய்வதே இம்மடலின் நோக்கம்.

முதலில் ஊரின் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சங்கரன்கோவில் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகை 10 கலையில் அமைந்திருப்பதால், நண்பகல் கதிரவன் ஆண்டில் இரு முறை நேர் உச்சிக்கு வருகிறது: சித்திரை முதல் நாளையொட்டி ஒரு முறை, ஆவணி நடுவில் மறுமுறை. இடைப்பட்ட நான்கரை மாதங்களில் நண்பகல் கதிரவன் உச்சிக்கு வடக்கே சாய்ந்து நிற்கிறது. ஐரோப்பியக் கட்டடக்கலை நூல்களைப் பின்பற்றி, வடக்குப் பார்த்த சன்னலில் நேர் வெயில் விழாது என்று சொல்லும் வழக்கம் நம் பொறியாளர்களிடமும் உண்டு. சங்கரன்கோவிலில் சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் அந்தக் கூற்று பொய்த்துப்போகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் ஊர் இருப்பதால், மலைக்கு அப்பால் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் நாள்களிலும் இங்கே செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்றுதான் மிகுதியாக வருகிறது. மேகம் கலைந்த நாளின் நண்பகலில் புற ஊதாக் குறியீட்டு எண் 11ஐத் தாண்டுவது இந்த அகலாங்கில் வியப்புக்குரியதன்று. உலக சுகாதார நிறுவனத்தின் பகுப்பில் 11க்கு மேல் வேறு படியே கிடையாது.

புற ஊதாக் கதிர் என்பது கண்ணுக்குத் தெரியும் ஊதா நிறத்துக்கு அப்பால், அலைநீளம் 400 நானோமீட்டருக்குக் குறைந்த ஒளி. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இதில் 315 முதல் 400 வரையிலான பகுதி புற ஊதா ஏ என்றும், 280 முதல் 315 வரையிலான பகுதி புற ஊதா பி என்றும் பிரிக்கப்படும். அதற்கும் குறைந்த அலைநீளமுடையதை வளிமண்டலமே வடிகட்டிவிடுகிறது. சாதாரணச் சன்னல் கண்ணாடி, தோலைச் சுடும் பி கதிரைப் பெரும்பாலும் நிறுத்திவிடுகிறது. சன்னலுக்குள் அமர்ந்து காயும் வெயிலில் உடலுக்கு வைட்டமின் டி கிடைக்காமற் போவதற்குக் காரணம் இதுதான். ஆனால் ஏ கதிரில் பெரும்பங்கு அதே கண்ணாடியைத் தாராளமாகக் கடந்து உள்ளே வந்துவிடுகிறது. 4 மில்லிமீட்டர் தெளிந்த கண்ணாடி, தன்மேல் விழும் புற ஊதாவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை உள்ளே விடுகிறது எனலாம். கண்ணாடி போட்டாயிற்று, இனி வெயில் துணியை ஒன்றும் செய்யாது என்ற எண்ணம் தவறிப்போகும் இடம் இதுவே.

கண்ணாடியைக் கடந்து வரும் ஏ கதிர் என்ன செய்யும் என்பதற்கு மருத்துவ உலகில் ஒரு சான்று உண்டு. 2012இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற அமெரிக்க இதழ், 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயது ஓட்டுநர் ஒருவரின் முகப்படத்தை வெளியிட்டது. இடப்பக்கச் சன்னலோரம் அமர்ந்து ஓட்டியவரின் இடக்கன்னம் மட்டும் தடித்து, ஆழச் சுருங்கி, வலக்கன்னத்தைவிடப் பல ஆண்டுகள் மூத்ததுபோல் தெரிந்தது. வண்டிகளின் முன்கண்ணாடி ஒரு வகை, பக்கக் கண்ணாடி வேறு வகை என்பதும் இங்கே கருதத்தக்கது. முன்கண்ணாடி பிளாஸ்டிக் படலத்தை நடுவில் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி; பக்கக் கண்ணாடி பெரும்பாலும் சூடாக்கிக் குளிர்வித்து வலுவூட்டிய டஃபன்ட் கண்ணாடி. இரண்டும் பாதுகாப்புக் கண்ணாடிகள்தாம். ஏ கதிரை ஏறக்குறைய முழுமையாகத் தடுப்பது முன்னதே.

துணிக்கு வருவோம். சாயம் என்பது ஒளியின் ஒரு பகுதியை விழுங்கி மீதியைத் திருப்பி அனுப்பும் மூலக்கூறு. விழுங்கிய ஆற்றல் அந்த மூலக்கூறின் பிணைப்பையே அறுத்துவிடும்போது நிறம் போகிறது. புற ஊதா ஒளித்துகளின் ஆற்றல் கண்ணுக்குத் தெரியும் ஒளியினுடையதைவிடக் கூடியது என்பதால் அந்த அறுப்பு விரைவாக நடக்கிறது. ஒரு சாயம் ஒளிக்கு எவ்வளவு தாங்கும் என்பதை அளக்க, நீலச் சாயமேற்றிய எட்டுக் கம்பளித் துண்டுகளைக் கொண்ட அளவுகோல் ஒன்று சாயச் சோதனைக்கூடங்களில் பயன்படுகிறது. அதில் 1 மிக விரைவில் வெளுப்பது, 8 மிக மெதுவாக வெளுப்பது, ஒவ்வொரு படியும் முந்தைய படியைப் போல ஏறத்தாழ இரு மடங்கு நேரம் தாங்குவது. வாட் சாயங்களில் பல இந்த அளவுகோலின் மேற்படிகளில் நிற்கின்றன. விலை குறைந்த நேரடிச் சாயங்களில் பல கீழ்ப்படிகளிலேயே நின்றுவிடுகின்றன. ரியாக்டிவ் சாயங்களில் நிறத்துக்கு நிறம் வேறுபாடு உண்டு. மங்கலான இளநிறங்கள் அடர்நிறங்களைவிட விரைவாகத் தோற்கும். ஆயினும் வாட் சாயத்தை நம்பி அலட்சியமாக இருப்பதற்கும் இடமில்லை. வாட் வகையிலுள்ள சில மஞ்சள்களும் ஆரஞ்சுகளும், தம் நிறத்தை இழக்காமலேயே தாம் பெற்ற ஒளியாற்றலைக் கொண்டு பருத்தி இழையை நைந்துபோகச் செய்கின்றன. நிறம் பளிச்சென்று இருக்க, துணி மட்டும் விரல் பட்டால் கிழிகிறது. குறை கேட்டு வரும் வாடிக்கையாளரிடம் நெய்தவர் நூலைக் குறை சொல்வார், நூல்காரர் கஞ்சியைக் குறை சொல்வார், சன்னலை யாரும் குறை சொல்வதில்லை.

கடைக்காரர்கள் அறிந்த வடிவில் இதைச் சொல்வதானால், அலமாரியில் அடுக்கிய சேலைகளின் மடிப்பு ஓரத்தைப் பார்த்தால் போதும். சன்னல் பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் மடிப்பில் மட்டும் ஒளி விழுந்து, சேலையை விரிக்கும்போது சம இடைவெளியில் வெளிறிய கோடுகள் தெரியும். முகப்பில் பொம்மைக்குக் கட்டிய சேலை என்றால் தோளிலும் முந்தானை விழும் பகுதியிலும் வெளுப்பு தெரியும். அந்தச் சேலை பின்னர் தள்ளுபடி மூட்டைக்குத்தான் போக வேண்டும்.

உடைதலுக்கு இந்தத் தொழிலில் தனிக் காரணங்கள் உண்டு. சாதா விசைத்தறியில் பாவு இழைகளுக்கு இடையே ஊடையைச் சுமந்து ஓடும் நாடா, இரும்பு முனை பொருத்திய மரக்கட்டை. பாவு அறுந்து சிக்கும்போதோ, நாடாவை அடிக்கும் உறுப்புகள் தேய்ந்துபோகும்போதோ அது தறியை விட்டு வெளியே பாய்வதுண்டு. 400 கிராம் எடையுள்ள நாடா நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் பாய்கிறது எனக் கொண்டால், அதன் ஆற்றல் இரண்டு கிலோ எடைக்கல்லை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம்; அந்த ஆற்றல் முழுவதும் ஒரு கூர்முனையில் குவிகிறது. சாதாரண 4 மில்லிமீட்டர் கண்ணாடி அதைத் தாங்காது. உடைந்த கண்ணாடியில் நீண்ட கத்திபோன்ற துண்டுகள் தறியாளின் மேல் விழக்கூடும். தப்பினாலும், பொடித்துகள்கள் பாவில் விழுந்து, அங்கிருந்து துணிக்குள் புகுந்தால் பாவு சுற்றிய அந்த பீம் முழுவதையுமே சந்தேகத்துடன் பார்க்க வேண்டும். கடைகளுக்கோ வேறு அச்சம். ஆடித்தபசுத் திருவிழா நாளில் ரத வீதிகளில் நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தின் அழுத்தம், வீதியோரக் கடைகளின் முகப்புக் கண்ணாடி வரை வந்து சேர்கிறது. இடுப்பளவுக்குக் கீழிருந்தே தொடங்கும் பெரிய கண்ணாடிப் பரப்பில் சாய்ந்து நிற்பவர்களுள் குழந்தைகளும் உண்டு. காற்றாலைகளை நிறுவும் அளவுக்குக் காற்று வீசும் வட்டாரத்தில், கொக்கி மாட்டாத சன்னல் கதவு அடித்து நொறுங்குவதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

இனிப் பொருள்களை நோக்கலாம். டஃபன்ட் கண்ணாடி என்பது சாதாரணக் கண்ணாடியை 620 பாகைக்கும் மேலே சூடாக்கி, இரு பக்கமும் காற்றைப் பீய்ச்சித் திடீரெனக் குளிர்விப்பதால் கிடைப்பது. மேற்பரப்பு முதலில் இறுகிவிட, உள்பகுதி பின்னர் சுருங்கி மேற்பரப்பை இறுக்கிப் பிடிப்பதால், அது நான்கைந்து மடங்கு வலுப்பெறுகிறது. உடைந்தால் கற்கண்டு அளவில் மழுங்கிய துண்டுகளாகச் சிதறுகிறது. ஆனால் அதன் வேதியியல் மாறவில்லை; ஆகவே அது விடும் புற ஊதா, சாதாரணக் கண்ணாடி விடும் அதே அளவே. ஓரத்தில் ஒரு சிறு அடி போதும், பலகை முழுதும் ஒரே நொடியில் உதிர்ந்துவிடும். உதிர்ந்த பின் சட்டத்தில் வெற்றிடமே மிஞ்சும். உருக்கும்போது கலந்துவிட்ட நிக்கல் சல்பைடு என்ற மிகச் சிறு துகள், ஆண்டுகள் கழித்து மெல்லப் பருத்து, யாரும் தொடாமலேயே கண்ணாடியை வெடிக்கச் செய்வதும் உண்டு. சென்னை விமான நிலையத்தில் 2013இல் திறக்கப்பட்ட புதிய முனையங்களில் கண்ணாடிப் பலகைகள் உடைந்து விழுந்த செய்திகள் திரும்பத் திரும்ப நாளிதழ்களில் வந்து, கேலிக்கும் இடமானதைப் பலரும் நினைவில் வைத்திருப்பர். அங்கே ஒவ்வொரு பலகைக்கும் காரணம் எதுவாயினும், தலைக்கு மேலே டஃபன்ட் கண்ணாடியைத் தனியாகப் பொருத்துவது ஏற்புடையதன்று என்பது பொறியாளர்களுக்குப் புதிய செய்தியன்று. ஆலையிலேயே ஏறத்தாழ 290 பாகை வெப்பத்தில் பலகைகளைச் சில மணி நேரம் வைத்துப் பழுதானவற்றை அங்கேயே உடையவிடும் சோதனை உண்டு. கேட்டால்தான் செய்து தருவார்கள்.

லேமினேட்டட் கண்ணாடியின் கதை வேறு. எட்வார் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளரின் ஆய்வுக்கூடத்தில் 1903இல் கீழே விழுந்த ஒரு குடுவை, உள்ளே உலர்ந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலத்தால் சிதறாமல் நின்றது என்றும், அதிலிருந்து பிறந்த கருத்துக்கு அவர் 1909இல் காப்புரிமை பெற்றார் என்றும் இத்துறை வரலாறு கூறுகிறது. ஆனால் அந்தப் படலம் வெயிலில் மஞ்சளித்துப்போனது. உடையாமை கிடைத்தும் புற ஊதாவுக்குத் தோற்ற முதல் பொருள் இதுவே எனலாம். 1930களின் இறுதியில் பாலிவினைல் பியூட்டிரல் என்ற பிசின் படலம் அந்த இடத்தைப் பிடித்த பிறகுதான் குறை தீர்ந்தது. இன்று விற்கும் பியூட்டிரல் படலம் 0.38 மில்லிமீட்டரின் மடங்குகளில் வருகிறது. இருபுறமும் 3 மில்லிமீட்டர் கண்ணாடி வைத்து ஒட்டினால் அதைக் கடைகளில் 6.38 என்றும், இரட்டைப் படலமானால் 6.76 என்றும் சொல்வார்கள். படலத்தில் கலந்துள்ள புற ஊதா விழுங்கி, 380 நானோமீட்டர் வரையிலான கதிரில் நூற்றுக்கு 99 பங்கைத் தடுத்துவிடுகிறது. அடிபட்டால் கண்ணாடி விரிசல் விடும், ஆனால் துண்டுகள் படலத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். கையோ நாடாவோ மறுபுறம் பாய்வது அரிது. உடையாமை, ஊதாத் தடுப்பு ஆகிய இரண்டும் ஒரே பலகையில் கூடிவரும் பொருள் என்று கடைமுகப்புக்கு இதையே முதலிடத்தில் வைக்க வேண்டும். கூட்டம் சாயும் பெரிய முகப்பானால், டஃபன்ட் பலகைகள் இரண்டையே படலம் வைத்து ஒட்டி வாங்குவது இன்னும் நன்று. இதன் பலவீனம் ஓரத்தில்: சட்டத்தின் அடிப்பகுதியில் நீர் தேங்கினால் படலம் வெண்மையாகப் பூத்து ஒட்டு விடும். ஆகவே அடிச்சட்டத்தில் நீர் வடியத் துளை இருக்க வேண்டும். காடி வாடை வீசும் மலிவுச் சிலிக்கன் பசை படலத்தைக் கெடுக்கும் என்பதால் நடுநிலைச் சிலிக்கன் மட்டுமே பூச வேண்டும்.

தறிக்கூடத்துச் சன்னலுக்கும் கூரையில் வெளிச்சத்துக்காக வைக்கும் தகட்டுக்கும் பாலிகார்பனேட் கருதத்தக்கது. 1953இல் ஜெர்மனியில் பாயர் நிறுவனத்தின் ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக்கின் டேனியல் ஃபாக்ஸும் ஒருவரையொருவர் அறியாமல் கண்டறிந்த இந்தப் பிளாஸ்டிக், அதே தடிமனுள்ள கண்ணாடியைவிட இருநூறு மடங்குக்கு மேல் அடி தாங்கும் என்று கணக்கிடப்படுகிறது. எடையோ கண்ணாடியில் பாதிக்கும் குறைவு. பாய்ந்து வரும் நாடா இதில் பட்டால் பள்ளம் விழும், துண்டு சிதறாது. புற ஊதாவை இது தானாகவே விழுங்கிக்கொள்கிறது. சிக்கலும் அங்கேயே இருக்கிறது. விழுங்கிய கதிர் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுகளை உடைத்து, தகட்டை மஞ்சளாக்கி, நாளடைவில் நொறுங்குமாறு செய்துவிடும். அதைத் தடுக்க, ஆலையில் தகட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் சில பத்து மைக்ரான் தடிமனில் புற ஊதாக் காப்பு அடுக்கு சேர்க்கப்படுகிறது. அந்தப் பக்கம் எது என்பதைத் தகட்டின்மேல் ஒட்டியுள்ள மெல்லிய உறை அச்சிட்டுச் சொல்கிறது. பணியாளர் உறையை முதலில் உரித்துப் போட்டுவிட்டு, இரு பக்கமும் ஒன்றுபோலத் தெரிகிறதே என்று மாற்றிப் பொருத்தினால், நல்ல விலை கொடுத்து வாங்கிய தகடு சில கோடைகளிலேயே பழுத்த இலை நிறத்துக்கு வந்துவிடும். பிறகு குறை சொல்லப்படுவது தகட்டைத்தான்.

விரிவடைதலையும் கணக்கிட வேண்டும். இரண்டு மீட்டர் நீளமுள்ள பாலிகார்பனேட் தகடு, விடியற்காலைக் குளிருக்கும் நண்பகல் தகரக் கூரைச் சூட்டுக்கும் இடையே 40 பாகை மாற்றத்தில் 5 மில்லிமீட்டருக்கு மேல் நீள்கிறது. கண்ணாடி ஒரு மில்லிமீட்டர்கூட நீள்வதில்லை. திருகு போடும் துளையைத் திருகின் அளவுக்கே போட்டால், துளையிலிருந்தே விரிசல் தொடங்கும். சாயப்பட்டறையில் காஸ்டிக் சோடா போன்ற காரங்களும், பெயின்டுக்கு ஊற்றும் தின்னரும், அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பு நீர்மங்களும் பாலிகார்பனேட்டைத் தின்றுவிடும். சாயத்தொட்டிக்கு அருகே லேமினேட்டட் கண்ணாடியே தகும். ஆடிக்காற்றுத் தூசி படிந்த தகட்டை உலர் துணியால் தேய்த்தால் கீறல் விழும் என்பதால், முதலில் நீர் ஊற்றி மண்ணைக் கழுவிய பின்னரே துடைக்க வேண்டும். கூரையில் பழைய ஃபைபர் தகடோ பாலிகார்பனேட்டோ எதுவாயினும், அதன்மேல் ஆள் காலை வைக்கக் கூடாது. வெயிலில் முதிர்ந்த தகடு மேலிருந்து பார்க்கப் பழுதின்றித் தெரிவதால்தான் பலர் அதன் வழியே விழுகின்றனர்.

அக்ரிலிக் என்ற மற்றொரு பிளாஸ்டிக், பெர்ஸ்பெக்ஸ் என்ற வணிகப்பெயரில் இரண்டாம் உலகப் போரின் விமானங்களில் சன்னலாக இருந்தது. அடிபட்ட விமானிகளின் கண்ணில் அதன் சில்லுகள் புகுந்தும் கண் அவற்றைப் பொறுத்துக்கொண்டதைக் கவனித்த ஆங்கிலேய மருத்துவர் ஹரால்டு ரிட்லி, 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், அதே பொருளால் செய்த வில்லையைக் கண்புரை நோயாளி ஒருவரின் கண்ணுக்குள் முதன்முதலாக வைத்தார். 1992இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவ அமைப்பின் ஆரோலேப் இவ்வகை வில்லைகளைக் குறைந்த விலையில் செய்யத் தொடங்கிய பிறகு, தென்மாவட்டத்து எத்தனையோ நெசவாளர் வீடுகளில் இந்தச் சன்னல் பொருள் கண்ணுக்குள்ளேயே குடியிருக்கிறது. இங்கே கூறத்தக்கது வேறொன்று: இயற்கை வில்லை தடுத்துவந்த புற ஊதாவை, தொடக்ககால அக்ரிலிக் வில்லை விழித்திரை வரை விட்டுவிட்டது, பின்னாளில் புற ஊதா விழுங்கி சேர்த்த பிறகே அந்தக் குறை நீங்கியது. கடையில் விற்கும் அக்ரிலிக் தகட்டுக்கும் இதுவே பொருந்தும். வெயிலில் அது பாலிகார்பனேட்டைப் போல மஞ்சளிக்காது. ஆனால் புற ஊதாவை விடும் ரகமும் உண்டு, தடுக்கும் ரகமும் உண்டு, பார்வைக்கு இரண்டும் ஒன்றே. தவிரவும் அது எளிதில் தீப்பற்றி, உருகிச் சொட்டி எரியும். பஞ்சுத் தூசி பறக்கும் தறிக்கூடத்தில் அக்ரிலிக்குக்கு இடமே தரக் கூடாது.

கையிலிருக்கும் கண்ணாடியை மாற்ற வசதியில்லாதோர், புற ஊதா தடுக்கும் தெளிந்த பாலியெஸ்டர் ஒட்டுப்படலத்தை உள்பக்கம் ஒட்டலாம். 100 மைக்ரானுக்கு மேற்பட்ட பாதுகாப்புப் படலமானால் உடைந்த துண்டுகளையும் பிடித்துக்கொள்ளும். அதற்கு ஆயுள் உண்டு, ஓரம் கிளம்பினால் மாற்ற வேண்டும். கறுப்புப் படலமே காக்கும் என்பது வாகனங்களில் பழகிய எண்ணம். 2012இல் உச்ச நீதிமன்றம் வண்டிகளில் கறுப்புப் படலத்தைத் தடைசெய்த வரை அது தெருவெங்கும் இருந்தது. கறுப்பு தடுப்பது கண்ணுக்குத் தெரியும் ஒளியை. புற ஊதாவைத் தடுப்பது படலத்தில் கலந்துள்ள விழுங்கியே, அதற்கு நிறமே தேவையில்லை. பழைய அரசுக் கட்டடங்களில் காணும் கம்பிவலைக் கண்ணாடி பற்றி ஒரு வரி போதும்: அது தீயில் துண்டுகளைப் பிடித்து நிற்கும், அடிக்குச் சாதாரணக் கண்ணாடியைவிட வலுவுடையதன்று, புற ஊதாவைத் தடுப்பதும் இல்லை.

இவற்றைக் கடையிலேயே சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. பணப்பெட்டி அருகே கள்ள நோட்டு பார்க்கும் ஊதா விளக்கு பல ஜவுளிக்கடைகளில் இருக்கிறது. இந்திய ரூபாய் நோட்டின் எண் வரிசையும், தாளில் கலந்துள்ள இழைகளும் அந்த விளக்கில் மின்னும். விளக்குக்கும் நோட்டுக்கும் இடையே மாதிரிக் கண்ணாடித் துண்டை வைத்தால், சாதாரணக் கண்ணாடியிலும் டஃபன்ட் கண்ணாடியிலும் அந்த மினுக்கம் அப்படியே தொடரும். லேமினேட்டட் துண்டிலும் நல்ல பாலிகார்பனேட்டிலும் அது மங்கி மறையும். நோட்டுக்குப் பதில் வெள்ளை வேட்டியை வைத்துப் பார்த்தால் இன்னும் ஒன்று தெரியவரும். ஆலையில் வெளுத்த வேட்டிக்கும் சட்டைத்துணிக்கும் ஏற்றப்படும் ஒளிர்வெண்மைப் பொருள், புற ஊதாவை விழுங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருவதால்தான் துணி பால்வெள்ளையாகத் தெரிகிறது. புற ஊதாவைத் தடுத்த கண்ணாடிக்குப் பின்னால் அதே வேட்டி சற்றே மஞ்சளாகத் தெரியும். துணியில் குறை இல்லை, அதை மினுக்கும் கதிர்தான் இல்லை. வேட்டிக்கடைக்காரர்கள் இதை முன்கூட்டி அறிந்திருந்தால், வாடிக்கையாளர் துணியை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்க்கும் பழைய வழக்கத்தைத் தாராளமாக அனுமதிப்பார்கள். அதற்காக முகப்பில் புற ஊதாவை விடும் கண்ணாடி போடுவது கூடாது; அந்த வெண்மைப் பொருளும் வெயிலில் சிதைந்து, வேட்டியை நிலையாகவே மஞ்சளாக்கிவிடும்.

புற ஊதா எங்கும் வேண்டாத பொருள் என்று கொள்வதும் சரியன்று. தேனீக்கள் புற ஊதாவைக் கண்டே பூக்களை அடையாளம் காண்பதால், அதை முற்றிலும் தடுத்த பசுமைக்குடிலில் அவை தடுமாறுகின்றன. சுற்றுவட்டாரத்தில் மலரும் காய்கறியும் பயிரிடுவோர் குடில் அமைத்தால், அவர்களுக்கான கணக்கு ஜவுளிக்காரர் கணக்குக்கு மாறானது. அது வேறொரு மடலுக்குரிய பொருள்.

கண்ணாடி எவ்வளவு நல்லதாயினும், 380க்கு மேற்பட்ட ஊதா, நீல ஒளியும் சாயத்தை மெல்ல வெளுக்கவே செய்யும். ஆகையால் லேமினேட்டட் போட்டவுடன் சேலையை மாதக்கணக்கில் முகப்பிலேயே தொங்கவிடலாகாது. பொம்மையின் சேலையை வாரந்தோறும் மாற்றும் கடைகள் சரியாகவே செய்கின்றன. நிழலும் தனியே போதாது: புற ஊதாவில் பாதிக்கு நெருங்கிய பங்கு வானப் பரப்பெங்கிலுமிருந்து சிதறி வருவதால், தாழ்வார நிழலுக்குள்ளும் அது புகுந்துவிடும். மேற்குப் பார்த்த சன்னலுக்கு மேலே நீட்டிய சன்ஷேடு, மாலை நான்கு மணிக் கிடைவெயிலை நிறுத்தாது. அங்கே படுதாவோ தட்டியோதான் உதவும். நிழல், கண்ணாடி, இடம் மாற்றுதல் மூன்றும் சேர்ந்தே துணியைக் காக்கும்.

இம்மடலின் முடிபு வருமாறு. வீதியைப் பார்த்த கடைமுகப்புக்கும், தலைக்கு மேலுள்ள எந்தக் கண்ணாடிக்கும், சாயப்பட்டறைச் சன்னலுக்கும் லேமினேட்டட் கண்ணாடி. தறிகளுக்கு எதிரேயுள்ள சன்னலுக்கும் கூரை வெளிச்சத்துக்கும், காப்பு அடுக்கு வெயிலைப் பார்க்கப் பொருத்திய பாலிகார்பனேட். கையிருப்பில் உள்ள பழைய கண்ணாடிக்குத் தெளிந்த ஒட்டுப்படலம். தனி டஃபன்ட் கண்ணாடி கதவுக்கும் உள்தடுப்புக்கும் போதும். சாயத்துணி இருக்கும் இடத்துக்கு அது பாதிப் பாதுகாப்பே. பாதுகாப்புக் கண்ணாடிக்கு இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 2553 என்ற தரநிலையும், மனித மோதலைக் கருதிய ஐ.எஸ். 16231இன் 4ஆம் பகுதியும், 2016ஆம் ஆண்டு தேசியக் கட்டட விதித்தொகுப்பில் கண்ணாடிக்கெனத் தனிப் பிரிவும் நடைமுறையில் உள்ளன. ஆனால் இவை பேசுவது பெரும்பாலும் உடைதலைப் பற்றியே, ஐ.எஸ். முத்திரையைப் பார்த்து மட்டும் வாங்குபவருக்குப் புற ஊதா பற்றிய உறுதி எதுவும் கிடைப்பதில்லை. ஆகவே, கண்ணாடியோ தகடோ வாங்கும் ஒவ்வொருவரும், பொருளின் தரநிலை எண்ணையும், 380 நானோமீட்டர் வரை அது தடுக்கும் புற ஊதாவின் விழுக்காட்டையும், தகடானால் காப்பு அடுக்கு எந்தப் பக்கம் என்பதையும் விற்பவரிடமிருந்து பில்லிலேயே எழுதி வாங்குமாறும், மாற்றும் வேலையை மேற்குச் சன்னலிலிருந்து தொடங்குமாறும் இம்மடல் கேட்டுக்கொள்கிறது.